ஊசுடு ஏரியில் பழகிய கண்ணோடு ரியோ கிராண்டேவுக்கு

கடலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசியில் கணவரோடு ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார், மூன்று மாதம் தங்கப்போகிறார். பெருமாள் ஏரி, பிச்சாவரம், ஊசுடு என்று இருபது வருடமாகப் பறவை பார்த்து வருபவர். "ஒரு வாரம் உங்களுக்காகவே லீவு போடுகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். டெக்சாஸில் மெக்சிகோ எல்லைப் பக்கம் பறவைகள் அதிகம், குளிரும் குறைவு என்கிறார்கள். போகலாமா? எங்கே தங்குவது? அவருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. எனக்கோ நம் ஊர்ப் பறவைகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது." இதுதான் கேள்வி.

டீச்சர், கட்டாயம் போங்கள். என் தம்பி குடும்பம் சான் அன்டோனியோவில் இருப்பதால் நான் இரண்டு முறை அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். முதல் முறை தப்பாகப் போனேன், இரண்டாம் முறை சரியாகப் போனேன். இரண்டையும் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்ட இடத்தின் பெயர் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. டெக்சாஸின் தென்கோடி. பள்ளத்தாக்கு என்றதும் மலையைத் தேடாதீர்கள். நம்முடைய கெடிலம், தென்பெண்ணை முகத்துவாரம் போலத் தட்டையான ஆற்றுச் சமவெளி அது. ஆற்றுக்கு இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை மெக்சிகோ. மெக்சிகோக்காரர்கள் அதே ஆற்றை ரியோ பிராவோ என்கிறார்கள். மேற்கே ரோமா என்ற சிற்றூர், கிழக்கே கடலோரத்தில் சவுத் பாட்ரே தீவு, நடுவில் மிஷன், மெக்காலன், வெஸ்லகோ, ஹார்லிங்கன், பிரவுன்ஸ்வில் என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தச் சிறிய பகுதியில் மட்டும் 500க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஏன் இவ்வளவு? மத்திய அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வாழும் பல வெப்பநாட்டுப் பறவைகளுக்கு அதுதான் வடக்கு எல்லை. அதற்கு மேலே போனால் அவை கிடையாது. அமெரிக்காவின் வேறு மாநிலங்களில் எவ்வளவு சுற்றினாலும் அவற்றைப் பார்ப்பது அரிது. இன்னொரு பக்கம், கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் வாத்துகள், உள்ளான்கள் எல்லாம் இங்கே வந்து இறங்குகின்றன. கடல், உப்பங்கழி, நன்னீர்க் குட்டை, முள்காடு எல்லாம் ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் அடக்கம். ஜனவரி, பிப்ரவரியில் நீங்கள் போனால் உள்ளூர்க் கூட்டம், விருந்தாளிக் கூட்டம் இரண்டும் இருக்கும்.

"நம் ஊர்ப் பறவைகளைத் தவிர எதுவும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஊசுடு ஏரியில் பழகிய கண் அங்கே பாதி வேலையைச் செய்துவிடும். நம் செம்போத்து தரையில் இறங்கி நடந்து பல்லியைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சாலையோரம் தலைக்கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரோட்ரன்னரும் அதே குயில் குடும்பம்தான். நடையைப் பார்த்ததுமே உறவு தெரிந்துவிடும். நம் பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைக்கும் அதே தோரணையில் அங்கே அன்ஹிங்கா உட்கார்ந்திருக்கும், இரண்டும் ஒரே பேரினம். நம் கரண்டிவாயன் வெள்ளை, அங்கே உள்ளது ரோஜா நிறம். முக்குளிப்பானுக்கு அங்கே மஞ்சள் கண்ணோடு இன்னும் சின்ன ஒரு தங்கை உண்டு. சீழ்க்கைச் சிறகிகளின் விசில் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கு ஊர் ஞாபகமே வந்துவிடும். அங்கே உள்ள சிறகிக்கு அலகு நல்ல செவ்வாரஞ்சு, வயிறு கறுப்பு.

இன்னொன்று, அங்கே நீங்கள் பார்க்கப்போகும் சில பறவைகள் உறவு மட்டுமல்ல, அதே இனம். விராலடிப்பான், ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கல்திருப்பி உள்ளான், பைரி எல்லாம் இங்கேயும் வரும், அங்கேயும் வரும். பத்தாயிரம் மைல் தள்ளிப் போய், தலைக்கு மேலே விராலடிப்பான் மீனைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்பது போலவே இருந்தது எனக்கு.

ஒரே ஒரு இடத்தில் பெயர் ஏமாற்றும். ஓரியோல் என்று சொல்வார்கள், நம் மாங்குயிலுக்கு ஆங்கிலத்தில் அதே பெயர். ஆனால் அமெரிக்க ஓரியோல்களுக்கும் மாங்குயிலுக்கும் குடும்ப உறவு கிடையாது. அல்டமிரா ஓரியோல் என்று ஒன்று, பழுத்த ஆரஞ்சு நிறம், தொண்டை கறுப்பு. அதன் கூட்டைப் பாருங்கள். நம் தூக்கணாங்குருவிக் கூடு போலவே நாரால் பின்னி, கிளை நுனியில் தொங்கும். நீளம் அரை மீட்டருக்கும் மேல். குளிர்காலத்தில் காலியாக ஆடிக்கொண்டிருக்கும் பழைய கூடுகள் கண்ணில் படும்.

சரி, எப்படிப் போவது என்பதற்கு வருகிறேன். என் முதல் பயணத்தில் இரண்டே நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போட்டோம். காரில் ஏறி இறங்கியதுதான் மிச்சம். எங்கேயும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. மனைவிக்கு அலுத்துப்போய்விட்டது, எனக்கு ஒரு பறவையும் மனதில் நிற்கவில்லை. இரண்டாம் முறை ஐந்து நாள், நான்கே இடம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, வெஸ்லகோ அல்லது ஹார்லிங்கனில் ஒரே விடுதியில் நான்கு ராத்திரி தங்குங்கள். எல்லா இடமும் அங்கிருந்து கைக்கெட்டும் தூரம். ஹூஸ்டனிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 550 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் பிடிக்கும். மாப்பிள்ளைக்கு ஓட்டச் சிரமம் என்றால் ஹார்லிங்கனுக்கும் மெக்காலனுக்கும் விமானம் உண்டு, அங்கே போய் வாடகைக் கார் எடுக்கலாம். கார் இல்லாமல் மட்டும் முடியாது.

முதல் நாளை முழுவதும் வெஸ்லகோவில் உள்ள எஸ்டெரோ யானோ கிராண்டே மாநிலப் பூங்காவுக்குக் கொடுங்கள். மூட்டுவலிக்காரருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நுழைவுக் கட்டடத்துக்குப் பின்னால் கூரை போட்ட பெரிய மரத்தளம் இருக்கிறது. அதன் எதிரேயே தண்ணீர். நாற்காலியில் உட்கார்ந்தபடி சீழ்க்கைச் சிறகி, தட்டைவாயன், ஐபிஸ் எனப்படும் அரிவாள்மூக்கன், முக்குளிப்பான் எல்லாவற்றையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். சார் அங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டும், நீங்கள் அரை நாள் நடந்துவிட்டு வரலாம்.

அங்கே நீங்கள் தேட வேண்டியது ஒரு பக்கி, ராத்திரியில் இரை தேடும் பறவை. பெயர் பராக்கே. நம் பக்கிகளின் குடும்பம்தான். முதலை ஏரி என்று பெயர் வைத்திருக்கும் குட்டையோரப் பாதையில், பகலெல்லாம் சருகுக்குள் படுத்துத் தூங்கும். என்னை அங்கே கூட்டிப் போனவர் வடக்கே ஏதோ பனி மாநிலத்திலிருந்து வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கித் தொண்டு செய்யும் ஒரு முதியவர். இப்படி வருகிறவர்களை அங்கே வின்டர் டெக்சன் என்று அழைக்கிறார்கள். பாதையில் நின்று, "இதோ இருக்கிறது" என்று கையைக் காட்டினார். எனக்குச் சருகுதான் தெரிந்தது. "அந்த வளைந்த குச்சிக்கு இடது பக்கம்" என்றார். குச்சி தெரிந்தது, பறவை தெரியவில்லை. இத்தனைக்கும் இரண்டு மீட்டர் தூரம்கூட இல்லை. மூன்று நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று சருகில் ஒரு கோடு கொஞ்சம் திறந்தது. அது கண். கறுப்பாக, ஈரமாக, கீற்றளவு. அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அதைச் சுற்றித் தலை, தோள், மடித்த இறக்கை என்று ஒவ்வொன்றாக உருவம் கூடி வந்தது. தோளில் இருந்த கறுப்புத் திட்டுகள்கூடக் காய்ந்த இலையின் நிழல் மாதிரியே இருந்தன. மறுபடி கண் மூடியது, உருவமும் கலைந்துவிட்டது. என் வாழ்க்கையில் பறவை பார்த்த நிமிஷங்களில் அதை முதல் ஐந்துக்குள் வைப்பேன். நீங்களாகத் தேடினால் கிடைப்பது சிரமம், அங்கே இருக்கும் தொண்டர்களிடம் கேளுங்கள். சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

அதே குட்டையோரத்தில் மீன்கொத்திகளையும் கவனியுங்கள். ஊசுடுவில் நாம் வெண்மார்பு, சிறு நீலம், கறுப்பு வெள்ளை என்று மூன்று மீன்கொத்திகளைப் பார்ப்போம் இல்லையா? பள்ளத்தாக்கிலும் குளிர்காலத்தில் மூன்று உண்டு. பெரியது ரிங்டு மீன்கொத்தி, 40 சென்டிமீட்டர், வயிறெல்லாம் செங்கல் நிறம். சிறியது பச்சை மீன்கொத்தி, அதில் பாதிதான் இருக்கும். நடுவில் வடக்கிலிருந்து வரும் பெல்டட். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க அமெரிக்காவில் டெக்சாஸை விட்டால் வேறு இடம் கிடையாது.

இரண்டாம் நாள் மிஷன் ஊரில் பென்ட்சன் பூங்கா. உள்ளே சொந்தக் கார் விடமாட்டார்கள். நடக்கலாம், சைக்கிள் எடுக்கலாம், பூங்காவின் வண்டி ஓடுகிற நேரத்தில் அதில் ஏறிக்கொள்ளலாம். அந்த வண்டி எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள், சாருக்காகச் சொல்கிறேன். உள்ளே பறவைகளுக்குத் தீனி வைக்கும் இடங்கள் இருக்கின்றன. பாதி அறுத்த ஆரஞ்சுப் பழம், தானியம், கடலை வெண்ணெய் என்று வைப்பார்கள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் போதும்.

அங்கேதான் பச்சை ஜேவைக் கிட்டத்தில் பார்ப்பீர்கள். நம் வால்காக்கையின் சொந்தம், காக்கைக் குடும்பம். தலை நீலம், தொண்டை கறுப்பு, முதுகு பச்சை, பறக்கும்போது வாலோரத்தில் மஞ்சள். காக்கைக் குடும்பம் என்பதால் அடாவடியும் அப்படியே. நான் பார்த்தபோது ஆறேழு ஜேக்கள் ஒன்றாக இறங்கின, தட்டில் இருந்த எல்லாரையும் விரட்டின, வாயில் நிறையத் திணித்துக்கொண்டு போய்விட்டன. அவை போனதும் கீழே புதருக்குள்ளிருந்து சச்சலாக்கா ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பழுப்பு நிறம், நாட்டுக்கோழியைக் கொஞ்சம் ஒல்லியாக்கி வாலை நீட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. விடியற்காலையில் ஒன்று "சச்சலாக், சச்சலாக்" என்று ஆரம்பித்தால் அடுத்த மரத்திலிருந்து பதில், அதற்கடுத்த தோப்பிலிருந்து பதில் என்று காடு முழுக்க அதிரும். பூங்கா திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனால் கேட்கலாம்.

மஞ்சள் வயிறு, கறுப்பு வெள்ளைப் பட்டைத் தலையோடு கரிச்சான் போலத் துணிச்சலாக உட்கார்ந்து, "கிஸ்-க-டீ" என்று தன் பெயரையே கத்தும் கிஸ்கடி எங்கும் இருக்கும். ஈப்பிடிப்பான் வகை என்றாலும் தண்ணீரில் பாய்ந்து மீனும் பிடிக்கும். அதைப் பார்க்கத் தனியாக அலைய வேண்டாம்.

நாள் மீதம் இருந்தால் அலமோ பக்கத்தில் சான்டா ஆனா தேசியக் காப்பகம். 1943இல் ஏற்படுத்தியது, இரண்டாயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகம். மரங்களில் சடை சடையாகத் தொங்கும் பாசி போன்ற செடியும் நிழலுமாக அழகான இடம். அதன் அருமை அங்கே போகும் வழியிலேயே தெரியும். சாலையின் இரு பக்கமும் வயலும் கட்டடமும்தான். கீழ்ப் பள்ளத்தாக்கின் இயற்கைக் காட்டில் 95 சதவீதத்துக்கு மேல் பருத்திக்கும் ஆரஞ்சுக்கும் கரும்புக்கும் பிறகு வீடுகளுக்கும் போய்விட்டது. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வாசனையில் வளர்ந்த நமக்கு அந்த ஊர்க் கதை புரியும். அங்கே இருந்த சர்க்கரை ஆலைதான் டெக்சாஸ் மாநிலத்திலேயே கடைசி. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் 2024இல் அதையும் மூடிவிட்டார்கள். இரண்டு நாடும் 1944இல் போட்ட நீர் ஒப்பந்தத்தை வைத்து இன்றைக்கும் சண்டை நடக்கிறது. காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பச்சை ஜேயும் மிச்சம் இருக்கிற அந்த ஐந்து சதவீதத் துண்டுகளில்தான் பிழைத்துக் கிடக்கிறது. எங்கள் ஊசுடு ஏரியின் நடுவிலும் ஓர் எல்லைக்கோடு போகிறது. புதுச்சேரி தன் பக்கத்தை 2008இல் சரணாலயமாக்கியது, தமிழ்நாடு தன் பக்கத்தை 2015இல்தான் ஆக்கியது. ஒரே தண்ணீருக்கு ஏழு வருட இடைவெளி. சான்டா ஆனாவில் ஆற்றங்கரையில் நின்றபோது எனக்கு இந்த நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கடற்கரை, சவுத் பாட்ரே தீவு. பறவை மையத்திலிருந்து உப்பங்கழிக்கு மேலே மரப்பாலம் போட்டிருக்கிறார்கள், சமதளம், சார் தாராளமாக நடக்கலாம். பாலத்துக்குக் கீழே சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சுவேர் நீட்டிக்கொண்டு நிற்கும் செடிகளைப் பாருங்கள். பிச்சாவரத்து வெண்கண்டலின் அதே பேரினம். அங்கே செந்நிற எக்ரெட் என்று ஒரு கொக்கு, ஆழமில்லாத தண்ணீரில் இறக்கையை விரித்து, ஓடி, திரும்பி, குடைபோல நிழல் பிடித்து மீனை விரட்டும். ஆட்டம் போலவே இருக்கும். நம் கொக்குகள் தவம் செய்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. பழுப்புக் கூழைக்கடா வானத்திலிருந்து தலைகீழாகக் கடலில் விழுந்து மீன் பிடிப்பதும் அப்படித்தான், நம் கூழைக்கடா நீந்திக்கொண்டேதான் அள்ளும்.

சாயங்காலம் சீக்கிரம் திரும்பினால் மெக்காலன் அல்லது பிரவுன்ஸ்வில் தெருக்களில் கிளிக்கூட்டம் அடைவதைப் பார்க்கலாம். சிவப்பு நெற்றிக் கிளி வடகிழக்கு மெக்சிகோவைச் சேர்ந்தது, உலக அளவில் அழியும் நிலையில் இருப்பது. அது கடைவீதி மின்கம்பியில் நூற்றுக்கணக்கில் வந்து உட்கார்ந்து சத்தம் போடும்.

நான்காம் நாள் பிரவுன்ஸ்வில் பக்கம் சபால் பனைச் சரணாலயம். எல்லைச் சுவரின் இடைவெளியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பயப்பட வேண்டாம், இன்னும் அமெரிக்காவில்தான் இருப்பீர்கள், ஆறு அதற்கும் அப்பால். ஒரு காலத்தில் இந்தப் பனைகள் கரை நெடுக நின்றதால் ஸ்பானியர்கள் ஆற்றுக்கே பனையாறு என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். இப்போது ஒரு சிறு தோப்புதான் மிச்சம். நம் பனையின் விசிறி ஓலைதான், மரம் கொஞ்சம் குட்டை.

திரும்பும் வழியில் ஒரு நாளை ராக்போர்ட் ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது ஹூஸ்டன் போகும் பாதைக்கு அதிகம் விலகியதில்லை. அங்கிருந்து படகில் ஆரன்சாஸ் காப்பகத்தின் ஓரம் கூட்டிப்போய் ஹூப்பிங் கிரேன் என்ற பெருங்கொக்கைக் காட்டுவார்கள். ஆள் உயரம், ஒன்றரை மீட்டர், உடம்பெல்லாம் வெள்ளை, உச்சந்தலையில் சிவப்பு. 1941இல் உலகத்திலேயே இருபத்துச் சொச்சம்தான் இருந்தன. இன்று கனடாவின் வுட் பஃபலோ காட்டிலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து இங்கே வரும் கூட்டம் மட்டும் 500ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் போகும் மாதங்கள் சரியாக அதற்கு உகந்தவை. ஒரு தாய், ஒரு தகப்பன், பழுப்புத் திட்டோடு ஒரு குஞ்சு, மூன்றும் சேற்றில் நண்டு தேடி நடப்பதைப் பார்த்தால் இந்தப் படகுக் காசு வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயம். பாஸ்போர்ட்டை ஹூஸ்டன் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே திரும்பும் ஒவ்வொரு வண்டியையும் சரிட்டா, ஃபல்ஃபூரியாஸ் சோதனைச் சாவடிகளில் எல்லைக் காவலர்கள் நிறுத்துவார்கள். நீங்கள் நாட்டை விட்டு வெளியே போகவே இல்லை என்றாலும் கேட்பார்கள். விசா ஒட்டிய அசல் பாஸ்போர்ட், ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவின் அச்சுப்படி இரண்டும் கையில் இருக்கட்டும். மகள், மாப்பிள்ளை தங்கள் தாள்களையும் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாம் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. பாலத்தைத் தாண்டி மெக்சிகோ ஊரையும் எட்டிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எதிர்க்கரையில் உள்ள தமௌலிபாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்க அரசே எச்சரித்து வைத்திருக்கிறது. ஆற்றங்கரையில் பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம்.

குளிர் இல்லை என்று சொன்னது பாதி உண்மை. பகலில் பெரும்பாலும் நம் மார்கழி போல இருக்கும். ஆனால் வடக்கத்திக் காற்று திரும்பினால் ஒரே ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஸ்வெட்டர், காதுக்குல்லா இரண்டும் காரிலேயே கிடக்கட்டும். புல்லில் உட்காராதீர்கள், நெருப்பெறும்புப் புற்றுகள் உண்டு. சாப்பாடு கஷ்டமில்லை, சோறும் பீன்ஸும் எங்கும் கிடைக்கும். நீங்கள் சைவம் என்றால் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பல கடைகளில் சேர்ப்பார்கள். நாங்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான் போனோம்.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியை உங்கள் போனில் இப்போதே இறக்கி, டெக்சாஸ் பறவைத் தொகுப்பையும் சேர்த்து வையுங்கள். பணம் கிடையாது, காட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் போடுவீர்கள் அல்லவா, அதே கணக்கு அங்கேயும் செல்லும்.

பைனாகுலர் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இப்போது வைத்திருப்பது பத்துக்கு ஐம்பது (பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர்) என்றால் கழுத்துக்கும் கைக்கும் பாரம், நாள் முழுக்கத் தாங்காது. எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாரையும் கூட்டிக்கொண்டு ஊசுடு கரைக்கு வாருங்கள். இரண்டு மணி நேரம் அதில் பார்த்துப் பழகிக்கொண்டு, ஒன்றை எடுத்துப் போங்கள். ஏப்ரலில் திருப்பித் தந்தால் போதும்.